போர்டிகோ கறையாகாமல் வீட்டிலேயே காருக்கு ஆயில் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

ஆயில் மாற்றுவது என்றால் ஒரு நட்டைக் கழற்ற வேண்டும், ஒரு ஃபில்டரைக் கழற்ற வேண்டும், இரண்டையும் மாட்டிவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனாலும் முதல் முறை செய்கிறவர்கள், நான் கூடவே நின்று பார்த்த ஏழெட்டுப் பேரும் சேர்த்து, போர்டிகோவைக் கருப்பாக்கிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். காரணம் பெரும்பாலும் வரிசைதான். என்ஜினிலிருந்து டப்புக்கு, ஃபில்டரிலிருந்து டப்புக்கு, டப்பிலிருந்து கேனுக்கு என்று ஆயில் இடம் மாறும் ஒவ்வொரு தடவையும், அது போய்ச் சேர வேண்டிய இடம் முன்னாடியே தயாராக இருந்தால் சிந்தாது. நட்டைக் கழற்றிய பிறகு துணி எங்கே என்று தேடினால் சிந்தும்.

கீழே சொல்வது ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஐ10 மாதிரியான சின்ன பெட்ரோல் கார்களை மனதில் வைத்து. வாரண்டி இன்னும் இருக்கிற வண்டி என்றால் அது முடிகிற வரை சர்வீஸ் சென்டரிலேயே மாற்றிக்கொள்வது நல்லது.

1. கையேட்டைத் திறந்து மூன்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஆயிலின் கிரேடு, ஃபில்டரோடு சேர்த்து மாற்றினால் எத்தனை லிட்டர், டிரெயின் நட்டை (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் நட்டு) எவ்வளவு இறுக்க வேண்டும். இந்த மூன்றும் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

கிரேடை பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயர் உள்ள காரிலேயே பழைய மாடலுக்கு 5டபிள்யூ-30, புது மாடலுக்கு 0டபிள்யூ-16 என்று மாறுகிறது. அளவும் அப்படித்தான். சின்ன என்ஜின்கள் 3 லிட்டருக்கு முன்னே பின்னே பிடிக்கும், ஆனால் அந்த முன்னே பின்னேயில்தான் அதிகமாக ஊற்றிவிட்டுத் திரும்ப வடிக்கிற கூத்தெல்லாம் நடக்கிறது. அது இரண்டாவது முறை சிந்துவதற்கான வழி.

2. சாமான்கள்

ஆயில், புது ஃபில்டர், டிரெயின் நட்டுக்குப் புது வாஷர். வாஷரை எல்லோரும் மறக்கிறார்கள். சின்னக் காசுதான், ஃபில்டர் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நட்டுக்குச் சரியான அளவில் ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட். திறந்த வாய் ஸ்பேனர் வேண்டாம். அது இரண்டு பக்கத்தில் மட்டும் பிடிக்கும், நட்டின் மூலை மழுங்கிவிட்டால் அப்புறம் பட்டறைக்குப் போவதைத் தவிர வழியில்லை. ஃபில்டரைக் கழற்ற ஒரு ரெஞ்ச், கப் மாதிரி இருப்பதோ பட்டை மாதிரி இருப்பதோ.

வடிப்பதற்கு ஒரு டப். இதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. வீட்டிலிருக்கும் பக்கெட் காருக்கு அடியில் நுழையாது, ஏனென்றால் சின்னக் கார்களின் தரை இடைவெளியே 160, 170 மில்லிமீட்டர்தான். வண்டியைத் தூக்கிய பிறகு நுழையும் என்று வைத்தால், இறக்கும்போது மாட்டிக்கொள்ளும். அகலமாக, தாழ்வாக, உங்கள் என்ஜின் ஆயிலைப்போல் இரண்டு மடங்கு பிடிக்கிற டப்பாக வாங்குங்கள். 3 லிட்டர் ஆயிலுக்கு 4 லிட்டர் டப் போதும்தானே என்று தோன்றும். விளிம்பு வரை ஆயில் நிற்கும் டப்பைக் காருக்கு அடியிலிருந்து இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது அலையடித்து வெளியே வரும். ஒரு மூலையில் ஊற்று வாய் இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி, பனியன் வேஸ்ட் ஒரு கட்டு, புனல் இரண்டு, தடிமனான பிளாஸ்டிக் பை இரண்டு, மரத்தூள் ஒரு சின்னப் பை. புனல் ஏன் இரண்டு என்றால் ஒன்று புது ஆயிலுக்கு, ஒன்று பழையதற்கு, கலக்கவே கூடாது. மரத்தூள் மர அறுவை மில்லில் கேட்டால் கொடுப்பார்கள்.

3. தரையை மூடுங்கள், இரண்டு அடுக்காக

கீழே ஒரு தார்ப்பாய், அதன் மேல் பெரிய அட்டை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டால் சரியாக இருக்கும்.

தார்ப்பாய் மட்டும் போட்டால் விழுந்த சொட்டு அதன் மேல் உருண்டு ஓடி உங்கள் முதுகுக்கு அடியில் வந்து நிற்கும். அட்டை மட்டும் போட்டால் ஊறித் தரைக்கு இறங்கும். அட்டை உறிஞ்ச வேண்டும், தார்ப்பாய் தடுக்க வேண்டும். செய்தித்தாள் இரண்டுக்கும் உதவாது, முழங்காலில் ஒட்டிக் கிழியும்.

பார்க்கிங் டைல்ஸ் போட்ட வாசல் என்றால் இந்தப் படியைத் தாண்டவே தாண்டாதீர்கள். அந்த டைல்ஸின் மேற்பரப்பு சொரசொரப்பானது, ஆயிலைக் குடிக்கும். என் வாசலில் ஒரு பழைய சொட்டு இருக்கிறது. விழும்போது மிளகு அளவு, மறுநாள் பார்த்தால் பத்து ரூபாய் நாணயம் அளவு. அதன் மேல் போடும் கோலமாவும் அந்த வட்டத்தில் மட்டும் பழுப்பாகத் தெரிகிறது.

4. தூக்குவதும் நிறுத்துவதும்

தூக்குவதற்கு முன் அடுத்த படியையும் படித்துவிடுங்கள், என்ஜினைச் சூடாக்குவது அதற்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை. சமமான, கெட்டியான தரை. ஹேண்ட் பிரேக் முழுசாக இழுத்து, இரண்டு பின் சக்கரத்துக்கும் கட்டை முட்டுக் கொடுங்கள். முன்சக்கரத்தில் ஓடும் வண்டியைக் கியரில் போட்டால் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. முன்பக்கம் தூக்கியதும் கியர் பிடித்திருக்கும் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கின்றன, வண்டியைப் பிடித்திருப்பது பின்சக்கரமும் ஹேண்ட் பிரேக்கும்தான்.

ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஒரு விநாடிக்குக்கூட. ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஏற்றி நிறுத்துகிற ரேம்ப். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் மாற்று ஆகாது. அவை மெதுவாகச் சாய்ந்து எச்சரிப்பதில்லை, திடீரென்று நொறுங்கும். ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள், விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

5. சூடு: வெதுவெதுப்பு போதும்

"என்ஜினை நன்றாகச் சூடாக்கி வடிக்க வேண்டும்" என்று சொல்வார்கள். ஆறிய ஆயில் கெட்டியாக இருக்கும், மெதுவாக வடியும் என்பது உண்மைதான். ஆனால் அது குளிர்ப் பிரதேசத்துக்காரர்களின் கவலை. நம் ஊரில் 30 டிகிரிக்கு மேல் வெயிலில் நிற்கும் வண்டியின் ஆயில் ஏற்கனவே ஓரளவு இளகித்தான் இருக்கும். தூக்குவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள்.

நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்து உடனே கழற்றினால் ஆயில் கையைச் சுட்டுவிடும். சுட்டால் கை தானாக உதறும், நட்டு டப்புக்குள் விழும், தெறிக்கும். தரையெல்லாம் கருப்பானதைப் பாதி நேரம் இப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

6. இதுதானா அந்த நட்டு

காருக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு இருந்தால் முழுசாகக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். அதில் ஒரு ஓட்டை இருக்கும், அதன் வழியாகவே வடிக்கலாம் போலத் தோன்றும். வடித்தால் பாதி ஆயில் தட்டின் மேல் தேங்கி, அடுத்த பத்து நாளைக்குப் பார்க்கிங்கில் சொட்டும், நீங்கள் லீக் என்று பயப்படுவீர்கள்.

அப்புறம் நட்டை இரண்டு முறை பாருங்கள். என்ஜினுக்குக் கீழே ஆயில் சேம்பர், அதற்குப் பக்கத்திலேயே கியர்பாக்ஸ், அதற்கும் ஒரு டிரெயின் நட்டு. என் மச்சான் முதல் முறை கியர் ஆயிலை வடித்துவிட்டு, என்ஜினில் இருந்த பழைய ஆயிலோடு புதுசையும் சேர்த்து ஊற்றிவிட்டார். வந்த ஆயில் கருப்பாக இல்லாமல் தேன் நிறத்தில் இருந்தது, அப்போதே நிறுத்தியிருக்கலாம். நல்ல வேளையாக டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும், கோடு போட்ட குச்சி) எடுத்துப் பார்த்தார், வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை.

இன்னொன்று. நட்டைக் கழற்றும் முன் மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, லேசாக மேலே வைத்துவிடுங்கள். காற்று உள்ளே போனால் ஆயில் விக்கி விக்கி வராமல் ஒரே சீராக வரும்.

7. நட்டு கையோடு வரும் அந்த ஐந்து விநாடி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மல்லாந்து படுத்துக்கொண்டு பார்க்கும்போது இடம் வலம் குழம்பும். நட்டின் தலையை நேராகப் பார்ப்பதாக நினைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். குழம்பிப்போய் இறுக்குகிறவர்கள் நிறைய பேர். அலுமினிய சேம்பர் என்றால் மரை போய்விடும்.

முதல் திருப்பத்துக்கு மட்டும் ஸ்பேனர். இளகியதும் ஸ்பேனரை வெளியே வைத்துவிட்டு, டப்பைச் சரி செய்யுங்கள். ஆயில் நேராகக் கீழே விழாது. சேம்பர் நிறைந்திருக்கும்போது அது நட்டு பார்க்கும் திசையில் வளைந்து பாயும், குறையக் குறையத்தான் உள்வாங்கி நேராக விழும். ஆகவே டப்பின் ஒரு ஓரம் மட்டும் நட்டுக்கு நேர் கீழே இருக்கட்டும், மீதி டப் முழுவதும் பாயும் பக்கம் நீண்டிருக்கட்டும். நட்டுக்கு நேர் கீழே டப்பை நடுவில் வைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் முதல் தவறு.

இப்போது விரலால் சுற்றுங்கள். சுற்றிக்கொண்டே நட்டை உள்பக்கமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். மரை முடிந்த பிறகும் அழுத்தம் இருக்கும் வரை ஆயில் கசியுமே தவிரப் பாயாது. கடைசி மரை விட்டது விரலுக்குத் தெரியும், ஒரு சின்ன 'டக்'. அந்த நொடியில் கையைப் பக்கவாட்டில், ஆயில் பாயும் திசைக்குக் குறுக்காக, ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள். கீழே இழுத்தால் முழங்கை வரை வழியும். முழங்கை உடம்பை விட்டு விலகி, மணிக்கட்டை விடத் தாழ்வாக இல்லாமல் இருக்கட்டும்.

நட்டு டப்புக்குள் விழுந்தால் விழட்டும். பாய்ந்து பிடிக்கப் போகாதீர்கள். நான் ஒருமுறை பிடிக்கப் போய் டப்பின் விளிம்பில் கையை ஊன்றிவிட்டேன், ஏறத்தாழ ஒரு லிட்டர் தார்ப்பாயில். வடிந்து முடிந்த பிறகு கையுறையோடு துழாவி எடுத்துக்கொள்ளலாம்.

பாய்ச்சல் குறைந்து நூல் மாதிரி வரும்போது டப்பை நட்டுக்கு அடியில் நடுவாகத் தள்ளுங்கள். காற்று அடித்தால் அந்த நூல் சாய்ந்து டப்புக்கு வெளியே போகும். ஆடி மாதக் காற்றில் திறந்த வாசலில் செய்வதாக இருந்தால், காற்று வரும் பக்கம் ஒரு அட்டையை நிறுத்தி வையுங்கள்.

8. வடியட்டும், பிறகு நட்டை முதலில் மாட்டுங்கள்

இருபது நிமிடம் விடுங்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அதற்குள் ஃபில்டரைக் கழற்றி நேரத்தை மிச்சப்படுத்தலாமே என்று கேட்பார்கள். கூடாது. இரண்டு இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தால் ஒரு டப்பை வைத்து இரண்டையும் பிடிக்க முடியாது. முதலில் ஒரு ஓட்டையை அடைத்துவிடுங்கள், அப்புறம் அடுத்ததைத் திறந்துகொள்ளுங்கள்.

பழைய வாஷர் நட்டோடு வந்ததா, சேம்பரிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருப்பதன் மேலேயே புது வாஷரையும் வைத்தால் கசியும். நட்டை விரலால் நான்கைந்து சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் கையேட்டில் உள்ள எண், சின்னக் கார்களில் பெரும்பாலும் 35, 40 நியூட்டன் மீட்டர் அருகில் இருக்கும். கசியக் கூடாதே என்று உடம்பின் பலத்தை எல்லாம் போட்டு இறுக்காதீர்கள். கசிவைத் தடுப்பது வாஷர், முரட்டுத்தனம் மரையைத்தான் தின்னும். நட்டைச் சுற்றித் துடைத்து உலர்வாக்கிவிடுங்கள், பின்னால் லீக் பார்க்க அது தேவைப்படும்.

9. ஃபில்டர்

நட்டில் சிந்தாமல் தப்பியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். வடித்து முடித்த பிறகும் ஃபில்டருக்குள் ஒரு டம்ளர் அளவு ஆயில் இருக்கும், அது கீழே டப்புக்குப் போவதற்குப் பதில் பக்கத்தில் இருக்கும் குழாய், இரும்புச் சட்டம் எல்லாவற்றின் மேலும் வழியும்.

கழற்றுவதற்கு முன் ஃபில்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டமோ சைலன்சர் குழாயோ இருந்தால், சமையலறை அலுமினியம் ஃபாயிலை நான்கு மடிப்பாக மடித்து ஓடை மாதிரி வளைத்து, ஃபில்டரின் வாய்க்குக் கீழே செருகி மறுமுனையை டப்புக்குள் விடுங்கள். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை நீளவாக்கில் வெட்டினாலும் நல்ல ஓடை கிடைக்கும்.

டப் ஏற்கனவே பாதி நிறைந்திருக்கிறது, மெதுவாக நகர்த்துங்கள். ரெஞ்சால் கால் திருப்பு, அதோடு நிறுத்துங்கள். வாய் ஓரத்தில் ஆயில் கசிந்து ஓடையில் இறங்க ஆரம்பிக்கும். நின்ற பிறகு பிளாஸ்டிக் பையை ஃபில்டர் மேல் முழுசாகப் போர்த்தி, பைக்கு வெளியிலிருந்து பிடித்துக் கையால் சுற்றுங்கள். கழன்றதும் ஃபில்டர் பைக்குள் விழும், மீதி ஆயிலும் பைக்குள் போகும். மெல்லிய கேரி பேக் வேண்டாம், ஃபில்டரின் விளிம்பில் பட்டுக் கிழியும்.

கழற்றிய ஃபில்டரில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது என்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் புது ஃபில்டரை ஏற்றிவிட்டால் இரண்டு வளையம் ஆகிவிடும், ஸ்டார்ட் செய்த சில விநாடியில் அழுத்தம் தாங்காமல் புது ஆயில் முழுவதும் பீய்ச்சிக்கொண்டு தரைக்கு வரும். இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள், தரையைக் கழுவிவிடலாம், ஆயில் இல்லாமல் ஓடிய என்ஜினுக்கு மருந்து கிடையாது.

புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் புது ஆயில் தடவுங்கள், உலர்ந்த ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வளையம் என்ஜினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று, ஃபில்டர் மேலேயே எவ்வளவு என்று அச்சிட்டிருந்தால் அதன்படி. ரெஞ்ச் கழற்ற மட்டும்தான். மாட்டிய பிறகு ஃபில்டரைச் சுற்றியும் துடைத்து உலர்வாக்கிவிடுங்கள். ஃபில்டரில் முன்கூட்டியே ஆயில் நிரப்புவது வாய் மேல்நோக்கி நிற்கும் வண்டிகளுக்குச் சரி, படுக்கையாக மாட்டும் வண்டிகளில் சாய்த்தவுடன் கொட்டிவிடும், அதனால் விட்டுவிடுங்கள்.

சில வண்டிகளில் டப்பா ஃபில்டருக்குப் பதில் உறைக்குள் காகித ஃபில்டர் இருக்கும். அதற்கும் இதே ஓடை, இதே நிதானம். உறையின் ரப்பர் வளையத்தைக் கட்டாயம் மாற்றுங்கள்.

10. புது ஆயில்

வண்டியைக் கீழே இறக்கிய பிறகு ஊற்றுங்கள், சாய்வாக நிற்கும் வண்டியில் டிப் ஸ்டிக் சரியான அளவைக் காட்டாது. இறக்குவதற்கு முன் டப்பை வெளியே எடுத்துவிட வேண்டும்.

கேனின் வாய் ஒரு ஓரமாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். எல்லோரும் அந்த ஓரம் கீழே வருகிற மாதிரி சாய்ப்பார்கள், ஆயில் வாயை அடைத்துக்கொண்டு 'குபுக் குபுக்' என்று கக்கும், புனலுக்கு வெளியே விழும். வாய் மேல்பக்கம் இருக்கும்படி கேனைத் திருப்பிச் சாய்த்துப் பாருங்கள். காற்று மேலே உள்ளே போகும், ஆயில் கீழே பட்டை மாதிரி அமைதியாக இறங்கும்.

கையேட்டில் உள்ள அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, மூடியைப் போட்டு, ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஓடும்போதே குனிந்து நட்டையும் ஃபில்டரையும் பாருங்கள். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு கோட்டுக்கும் இடையில் உள்ளது ஏறத்தாழ ஒரு லிட்டர்தான், அதனால் ஒரேயடியாக ஊற்றினால் தாண்டிவிடும்.

11. பழைய ஆயில் இப்போது கேனுக்கு

புது ஆயில் கேன் இப்போது காலி, பழையதற்கு அதுவே பாத்திரம். வேறு பாட்டில் தேட வேண்டாம். தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைப்பது ஆபத்து, குழந்தைகள் இருக்கிற வீட்டில் செய்யவே கூடாது.

கேனைத் தார்ப்பாயின் நடுவில் வைத்து, இரண்டாவது புனலைச் செருகி, டப்பின் ஊற்று வாயைப் புனலின் ஓரத்தில் சாய்த்து ஊற்றுங்கள். ஒருவர் புனலைப் பிடிக்க, ஒருவர் ஊற்றினால் நல்லது. பாதி வேலை முடிந்த அசதியில் அவசரப்பட்டுக் கொட்டுகிற இடம் இது. ஃபில்டரை வாய் கீழாக டப்பில் ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்தால் மீதியும் வடிந்துவிடும்.

கேனையும் ஃபில்டரையும் வழக்கமாகப் போகும் பட்டறையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள், அவர்கள் பீப்பாயில் சேர்த்து மொத்தமாக மறுசுழற்சிக்குப் போடுவார்கள். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடக்கம். கரையானுக்கு மரத்தில் பூச, சென்ட்ரிங் பலகைக்குத் தடவ என்று அக்கம் பக்கத்தில் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். என்ஜினில் எரிந்து தேய்ந்ததெல்லாம் அதில் கரைந்திருக்கிறது, மழையில் கழுவிக் கடைசியில் கிணற்றுக்கும் போர் தண்ணீருக்கும்தான் இறங்கும். சாக்கடையில் ஊற்றுவதும் அதே கதை.

12. அப்படியும் சிந்திவிட்டால்

தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆயில் தண்ணீர் மேல் மிதந்து ஒரு அடிக் கறையைப் பத்து அடிக் கறையாக்கும். மரத்தூளைத் தாராளமாகப் போட்டு, பழைய செருப்பால் மிதித்துத் தேய்த்து, கருத்ததைப் பெருக்கி எடுத்துவிட்டு மறுபடி புதுசு போடுங்கள். டைல்ஸ் என்றால் இரண்டாவது முறை போட்டதை ராத்திரி முழுக்க விடுங்கள். கடைசியில்தான் சோப்புத்தூளும் பிரஷ்ஷும்.

சைலன்சர் குழாயில் பட்டதை வண்டி எடுக்கும் முன் துடைத்துவிடுங்கள், சூடானால் புகையும்.

13. மறுநாள் காலை

ராத்திரி வண்டிக்கு அடியில், என்ஜினுக்கு நேராக, சுத்தமான அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். சொட்டே இல்லையென்றால், கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு டேப்பில் எழுதிப் பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டி, பிளாஸ்டிக் தட்டைத் திரும்ப மாட்டிவிடலாம். சொட்டு இருந்தால் நட்டுக்கு நேராகவா ஃபில்டருக்கு நேராகவா என்று பாருங்கள். நேற்றுத் துடைத்து உலர்த்திய இடங்கள் அவை, எது ஈரமாக இருக்கிறது என்பது விரல் வைத்தாலே தெரிந்துவிடும். நட்டு என்றால் வாஷரைச் சந்தேகப்படுங்கள், ஃபில்டர் என்றால் கையால் இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி ஒரு ராத்திரி அட்டை விரியுங்கள்.